நீள வண்டி

"ஏங்க, நம்ம வண்டிக்கு என்ன கொறச்சல்? அதுலயே வந்திருக்கலாம்லா?" என்றாள் எமில்டா, திருச்செந்தூர் தாண்டியதும்.

"பொண்ணு பாக்கப் போற எடத்துக்கு அந்தச் சவ வண்டியிலயா? பேசாம வா" என்றார் விக்டர்.

தூத்துக்குடியில் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குத் தெருவில் 'நீள வண்டி' என்று பெயர். மற்ற கார்கள் முடிகிற இடத்தில் முடியாமல் பின்னால் இன்னும் இரண்டு முழம் போகும். துறைமுகத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் கொள்ளை மலிவாக வாங்கியது. பின் சீட்டை மடக்கினால் ஒரு கல்யாண வீட்டுச் சாமானே உள்ளே போய்விடும். எமில்டாவின் அம்மாவைப் படுக்க வைத்தபடியே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கூட்டி வந்தது அந்த வண்டிதான். ஒரு நாளும் வழியில் நின்று காலை வாரியதில்லை. ஆனால் விக்டரின் துறைமுகச் சரக்கு கிளியரிங் ஆபீசில் ஒரு வாயாடி, "அண்ணாச்சி, இன்னைக்கு யாருக்கு அடக்கம்?" என்று கேட்டு வைத்தான். அன்றிலிருந்து அதைக் கண்டாலே அவருக்கு உடம்பு கூசியது.

இப்போது மகன் அனிஷ் ஓட்டி வந்தது, பளபளவென்ற கறுப்பு நிறப் பெரிய வண்டி. விக்டரின் நண்பன் பிரைட்டனிடம் வாடகைக்கு எடுத்தது. சம்பந்தம் பேசி முடியும்வரை வெளியே மூச்சுவிட்டால் கண் பட்டுவிடும் என்பது அந்தக் கரையோரத்து வழக்கம். அதனால் பிரைட்டனிடமும், "சென்னையிலேருந்து ஆபீசுக்குப் பெரிய ஆள் வாரார்" என்று புளுகித்தான் விக்டர் சாவியை வாங்கியிருந்தார்.

"அப்பா, கேட்டா வாடகை வண்டின்னு சொல்லிருவோமே" என்றான் அனிஷ்.

"ஏலே, ரோட்டப் பாத்து ஓட்டு. பொண்ணோட அப்பா கப்பல்ல உலகம் சுத்துன மனுசன். நம்மகிட்ட ஒண்ணுமில்லன்னு நெனைச்சுட்டா ஆனிய வேற எடத்துல குடுத்துருவாரு. பொறவு நீதான் மொகத்தத் தூக்கி வச்சிருப்ப."

அனிஷ் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். கல்லூரி நாளிலிருந்தே அவனுக்கு ஆனி என்றால் உயிர்.

மணப்பாட்டில் ஆனியின் அப்பா சிலுவை, வாசலுக்கே வந்துவிட்டார். வந்தவர்களைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைத்தான் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து பானட்டைத் தடவியும் கொடுத்தார். விக்டருக்கு உச்சி குளிர்ந்தது.

டீயும் மக்ரூனும் வந்தன. பேச்சு வண்டியைவிட்டு நகரவில்லை.

"வண்டி சோக்கா இருக்கே. உங்களதா?"

"நம்மளதுதான்."

"சிங்கிள் ஓனரா?"

"சிங்கிள் ஓனர்தான். ஷோரூம்ல நானே நின்னு எடுத்தது. வேற ஒரு கை படல."

"மைலேஜ் என்ன குடுக்கு?"

விக்டருக்குத் தெரிந்தது நீள வண்டியின் மைலேஜ் மட்டும்தான். "பதினெட்டு" என்றார்.

"பதினெட்டா! இம்புட்டுப் பெரிய வண்டிக்கா! எல்லாம் ஓட்டுற கையில இருக்கு."

சிலுவையின் மனைவி ஞானசௌந்தரி, இருமல் வந்தவள்போல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

சிலுவை அனிஷிடம் திரும்பினார். "தம்பி நல்லா ஓட்டுதீங்க. இதுலதான் படிச்சீங்களா?"

"இல்ல மாமா. வீட்டுல ஒரு நீள வண்டி நிக்கி. அதுல படிச்சேன். பழசுதான். ஆனா எங்க எல்லாரையும் சுமக்கது அதுதான்."

விக்டர் பதறிவிட்டார். "அவன் வெளையாட்டுக்குச் சொல்லுதான். அது நம்ம வண்டி இல்ல. பக்கத்து வீட்டுக்காரன் எடமில்லாம நம்ம வாசல்ல நிறுத்தி வச்சிருக்கான்."

சொல்லி முடித்ததுமே நாக்கு கசந்தது. மகன் தலையைக் குனிந்துகொண்டான். எமில்டா அவர் பக்கம் சாய்ந்து, "இன்னும் ரெண்டு தடவ இல்லன்னு சொல்லுங்க, பைபிள்ல மாதிரி சேவல் கூவிரும்" என்று முணுமுணுத்தாள். விக்டர் டீயை மடக்கென்று குடித்து வாயைச் சுட்டுக்கொண்டார். இத்தனை வருடம் உழைத்த வண்டியை, அதில் பிள்ளையாக வளர்ந்தவன் முன்னாலேயே இல்லை என்று சொல்லியாயிற்று. இதற்கு அந்த வாயாடியின் கேலியே தேவலை என்று தோன்றியது.

சிலுவை மகனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். விக்டர் 'போச்சு, காரியம் கெட்டது' என்றே முடிவு கட்டிவிட்டார்.

"எனக்குத் தம்பியப் பிடிச்சிருக்கு" என்றார் சிலுவை. "ஆனிக்கும் சம்மதந்தான். கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க ஏற்பாடு பண்ணிருவோம்."

எமில்டா நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அனிஷின் முகம் மலர்ந்தது. எல்லாம் வண்டி செய்த வேலை என்று பெண்டாட்டியிடம் பெருமையடிக்க விக்டருக்கு ஆசைதான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கும்பிட்டுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

வழியனுப்ப வந்த சிலுவை, ஜன்னல் பக்கம் குனிந்து விக்டரின் தோளில் கைபோட்டார்.

"சம்மந்தி, அந்த டாஷ்போர்டத் தொறந்து என் மூக்குக்கண்ணாடிய எடுத்துத் தாங்க. வண்டி சும்மா நிக்கேன்னு வாடகைக்கு விடச்சொல்லி பிரைட்டன்கிட்ட குடுத்த அன்னைக்கு, எடுக்க மறந்துட்டேன்."