நல்லாத்தான் அடுக்கினேன்

"நான்தான் ஆபீசருன்னு நெனச்சுக்கக்கா. 'ஏம்மா, நீ நல்லா அடுக்குவியாமே?' சொல்லு."

"எங்கங்க... ஏதோ எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்..."

"போச்சு. இதை அப்படியே எழுதிக்குவாரு. வேலையும் போவும், கேஸும் வரும்." அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த அன்புக்கரசி பெருமூச்சு விட்டாள். "மறுபடியும் சொல்லு."

மாரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைக்குள் தள்ளும் வண்டியில் பீங்கான் சாமான் அடுக்குவது அவள் வேலை. இருபது வருஷமாக ஒரு கிண்ணம்கூடச் சரிந்ததில்லை. ஆனால் யாராவது பாராட்டினால் கூசிப்போவாள். "எங்கங்க, கோணலாத்தான் இருக்குது" என்பாள்.

போன வாரம் சக்கரம் உடைந்து வண்டி சாய்ந்தது. அதைத் தள்ளிக்கொண்டு போன தொழிலாளி பாவாடை, வண்டிக்கு அடியில் சிக்கி இறந்துபோனார். அடுக்கினதுதான் சரியில்லை என்கிறார் முதலாளி. நாளைக்கு அரசாங்க ஆபீசர் வந்து விசாரிக்கிறார்.

"சக்கரம் ஆடுதுன்னு மூணு தடவை சொல்லியும் மாத்தலை. இப்போ உன் வாயாலயே 'கோணல்'னு வந்துட்டா மொதலாளி கையைக் கழுவிடுவாருக்கா."

"ஒரு உசுரு போயிருக்குதேடி! நான் நல்லா அடுக்கினேன்னு எந்த மூஞ்சியோட சொல்லுவேன்? இன்னும் ரெண்டு வரிசை கொறைச்சு வெச்சிருந்தா..."

"எப்பவும் வெக்கிற அளவுதானே வெச்ச?"

"அதேதான்."

"அப்புறம் என்னக்கா? உன் கைக்கு இந்த வேலையைக் குடுத்தது பழமலைநாதரு. அதைப் போயி கோணல்னு சொன்னா அந்தச் சாமிக்கே அடுக்காது."

மாரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமாங்க. நல்லாத்தான் அடுக்கினேன்."

"நாளைக்கும் இப்படியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாத." அன்புக்கரசி எழுந்தாள்.

"ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போயேன்."

"வேணாம்க்கா. கருமாதி முடியறதுக்குள்ள அடுத்த வூட்டுப் படி ஏறிட்டேன்னு எங்க மாமியா கத்திக்கிட்டு இருக்கும். 'மாரியம்மா அடுக்குன வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளலாம்'னு தெனம் சொல்லுவாரு எங்க வூட்டுக்காரரு. அதைப் பொய்யாக்கிடாத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள், பாவாடையின் மனைவி.