இருபது தட்டு

"பதினொண்ணு... பன்னெண்டு... போச்சு! இன்னா பாப்பா, பன்னெண்டத் தாண்டவே மாட்டேன்றியே!"

சாக்கடை ஓரமாக உருண்ட பந்தைப் பரந்தாமன் ஓடிப் பிடித்து வந்தார். திருமழிசை கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்த மனுஷனுக்குக் காலை நீட்டி உட்காரக்கூட நேரமில்லை. ஒரு வாரமாக இதே கதைதான். மகள் தட்டுவாள், அவர் எண்ண வேண்டும்.

"இன்னொரு தபா நைனா" என்றாள் பானுப்பிரியா. வயசு பத்து. பிடிவாதம் நாற்பது வயசுக்கு உண்டு.

விஷயம் இதுதான். பந்தைக் கீழே விடாமல் காலால் இருபது தட்டு தட்டினால் ஏ டீம், இல்லாவிட்டால் பி டீம். பானு பி. அவள் உயிர்த்தோழி தேவிப்பிரியா ஏ. இதுவரை இரண்டு டீமும் திருமுல்லைவாயில் கிரவுண்டிலேயே ஆடின. இனிமேல் ஏ டீமுக்கு ஆவடியில் சனிக்கிழமை ஆட்டம், பி டீமுக்கு இங்கேயே ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடமும் வேறு. ஆட்டமும் வேறானால் தேவியை எங்கே போய்ப் பார்ப்பது?

ஏ டீம் பிள்ளைகளுக்கும் டெஸ்ட் உண்டு, சனிக்கிழமை. பி டீமுக்கு ஞாயிறு. "அன்னிக்கு உன் கால் இன்னா சொல்லுதோ அதான்" என்பார் ஃபுட்பால் மாஸ்டர். பேரை எழுதிவிட்டால் ஆறு மாதத்துக்கு மாற்ற மாட்டார், யார் கெஞ்சினாலும்.

"தேவியாண்ட சொல்லிட்டியா?"

"ஐயோ, மூச்சு உடாத நைனா! ஏ டீம்ல போய் நின்னு அவள அசத்தணும்."

சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையில் சைக்கிள் மணி. தேவியேதான், ஆயுசு நூறு! பந்து வாளிக்குள் போனது. பரந்தாமன் அதன்மேல் துண்டைப் போட்டார்.

"டெஸ்டுக்கு பிராக்டீஸ் பண்றியாடி?" என்றாள் தேவி.

"எங்கடி! ஆறு தாண்ட மாட்டேங்குது. எனக்கெல்லாம் வராது, உட்டுட்டேன்."

"அப்ப பி டீம்தானா?"

"பி டீம்தான்."

தேவி சைக்கிள் மணியைத் திருகினாள். "செரி உடு, பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டாள்.

"பாவம்டி அந்தப் பொண்ணு. மூஞ்சியே தொங்கிப் போச்சு" என்றார் பரந்தாமன்.

"ஞாயித்துக்கெழம பாரு நைனா, எப்படிச் சிரிக்கப் போறான்னு!"

ஞாயிற்றுக்கிழமை பானு தட்டினாள். பதினெட்டில் பந்து ஓரமாகச் சாய்ந்தது. பரந்தாமனுக்கு உயிரே போய்விட்டது. முட்டியைக் கொடுத்து எப்படியோ மீட்டாள். இருபத்து மூன்று!

"இத்தினி நாளா எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்த?" என்று சிரித்தபடி மாஸ்டர் ஏ டீமில் அவள் பேரை எழுதினார்.

தேவி வீட்டுக்கே ஓடிப் போய்ச் சொல்லத் திரும்பிய பானு, அப்படியே நின்றாள். எதிர்க் கோல் போஸ்ட் பக்கம், பி டீம் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேவி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், நான் ஏ டீம்டி! பத்து நாளா ஒனக்குத் தெரியாமத்தான் பிராக்டீஸ் பண்ணேன்! ஆமா, நீ ஏன் இங்க குந்திகினு கீற?"

தேவியின் கை லேஸிலேயே நின்றது. கண் கலங்கிவிட்டது.

"ஒனக்கு வராதுன்னு சொன்னியேடி... அதான் நேத்து டெஸ்ட்ல வேணும்னே நாலாவது தட்டுலயே பந்தக் கீழ உட்டுட்டேன்."