கதவு திறந்திருந்த நேரம்

இரும்பு கரைந்த அந்தப் பச்சை நீர், எவ்வளவு நேரம் வெளிச்சம் படுகிறதோ அந்த அளவுக்கு மாறிவிடும்; அளந்தால் நேரத்தைச் சொல்லிவிடலாம். அதனால் ஜெசிந்தா ஆய்வகத்தில் மங்கலான சிவப்பு விளக்கில்தான் வேலை செய்வாள். அன்று சாப்பாடு கொண்டுவந்த கணவன் சகாயம், தட்டாமலே கதவைத் திறந்துவிட்டான்.

அவள் திரும்பியதும் பதறிப்போய் உள்ளே வந்து சாத்தினான்.

“சும்மா எட்டித்தான் பாத்தேன் ஜெசி. ஒரு நொடிகூட இல்ல.”

அவள் குடுவையில் ஏதோ சில சொட்டுகள் விட்டு, கருவிக்குள் வைத்து நிறத்தை அளந்தாள்.

“பொய் சொல்லாதீங்க. இவ்வளவு மாறியிருக்குன்னா, ரொம்ப நேரமா நின்னு என்னையே பாத்துட்டிருந்திருக்கீங்க.”

சகாயத்துக்குக் காது சூடேறியது. வேலையைக் கெடுத்ததற்குத் திட்டு விழுமென்று காத்திருந்தான். அவள் டிபன் கேரியரைத் திறந்தாள்.

மறுநாள் அவன் வந்தபோது கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளே எல்லாக் குடுவைகளையும் கறுப்புத்துணி மூடியிருந்தது. கதவுக்கு நேராக ஒன்று மட்டும் மூடாமல் இருந்தது. கதவு திறந்த சத்தம் கேட்டும் ஜெசிந்தா திரும்பவேயில்லை.