மூன்றாம் வருகை

2071, மே 14, அனற்காற்று வீசிற்று. கணக்கெடுப்பில் பதிலளிக்காத வீட்டுக்குத் தண்ணீர் தேவையில்லை எனக் கொண்டு, மாநகராட்சி அன்று மாலையே குழாயை அடைத்துவிடும். ஆகவே, பூட்டிய வீட்டுக்கு மும்முறை செல்லுதல் விதி. ஐம்பது வயதில் எழுதப் படிக்கக் கற்றுக் கணக்கெடுக்க வந்த நானோ, அறிக்கையை அழகுற எழுதும் ஆவலில், பூட்டியிருந்த செவ்வந்தியின் வீட்டுக்கு ஒருமுறை மட்டும் சென்று, மூன்று முறை சென்றும் பதிலில்லை எனப் பதிந்தேன்.

மாலையில் அவளே தேடி வந்தாள்.

“காலைல பூட்டியிருந்துச்சாமேக்கா. மறுபடி வருவீங்கன்னு ஆலைக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு வாசல்லயே உக்காந்திருந்தேன், நீங்க வரல. புள்ளைக்கு அம்மை எறங்கிருச்சு, நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தணும். எங்க வீட்டையும் சரியாத்தானே எழுதியிருக்கீங்க?”

ஆறரை வரை திருத்தலாம். திருத்தினால் என் பொய் வெளிப்படும்.

“சரியாத்தான் எழுதியிருக்கேன் செவ்வந்தி.”

“படிச்சவங்க எழுதினா கவலையில்ல” என்று சிரித்துச் சென்றாள்.

அவள் வீட்டுக் குழாய் நின்றபோது மணி 6.30.