கையெழுத்து வைக்காத யோகராஜா

“ஒரு கையெழுத்துத்தானே! காசோ கேக்கிறன்?”

யோகராஜாவின் வாசலில் பேனையை நீட்டியபடி நின்றார் செபஸ்தியாம்பிள்ளை. பக்கத்து வீடுதான். ஆனால் பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. தன் மகளின் கலியாணத்துக்கு வந்த மனிதன் கை நனைக்காமல் போனானே, அதை மறக்க முடியுமா?

இன்றைக்கு வேறு வழியில்லை. உள்ளூராட்சிக் கவுன்சில் வீட்டு வரியைக் கூட்டப் போகிறது. கூட்டுவதற்கு முன் சனத்திடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று மனு எழுதுவித்து, லண்டனின் கோலியர்ஸ் வுட் முழுக்கக் கால் தேய நடந்து, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கையெழுத்து வாங்கிவிட்டார். ஆயிரம் சேர்ந்தால்தான் மனுவை எடுப்பார்களாம். மாலை ஐந்து மணியோடு தவணை முடிகிறது.

“நான் வைக்க மாட்டன், அண்ணை,” என்றார் யோகராஜா.

“உமக்கென்ன, ரெண்டு வீட்டுக்காரர்! கட்டின பென்சனைத் தவிர, இந்த அரசாங்கத்திட்ட ஒரு பென்னி பெனிபிட் காசு நான் கை நீட்டி வாங்கினதில்லை. தெரியுமோ?”

“தெரியும். அதாலதான்...” யோகராஜா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார். “போயிட்டு வாங்கோ.”

கதவைச் சாத்தினார்.

“பணக்காரப் புத்தி!”

தெருவுக்கே கேட்கத் திட்டிக்கொண்டு மாதா கோயில் மண்டபத்துக்கு நடந்தார் செபஸ்தியாம்பிள்ளை. மனைவி அருமைநாயகி அங்கேதான் இருந்தாள். பக்கவாதம் வந்த பிறகு வீட்டில் வாய் திறக்காதவள், வாரத்தில் மூன்று நாள் இங்கே நடக்கும் முதியோர் கூடலுக்கு வந்து சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, மற்றப் பெண்களோடு கள்ளமாய்ச் சீட்டு விளையாடிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே, வீடு தேடி வந்து அவளை அழைத்த பங்குச் சாமியாரை அவர் ஒவ்வொரு பூசையிலும் நினைத்துக்கொள்வார்.

மண்டபத்துக்குப் பொறுப்பான கிளறிற்றா வாசலில் நின்றாள்.

“பிள்ளை, ஆயிரமாவது கையெழுத்து நீ வை.”

வாசித்தவளின் முகம் சுருங்கியது. “ஏலாது அங்கிள். நான் கவுன்சில் ஆள்.”

“கவுன்சிலோ? இது எங்கட சாமியார் நடத்திறதெல்லோ!”

“மண்டபம்தான் சாமியாரின்ர. ஆக்களை ஏத்தி இறக்கிற வான், சாப்பாடு, என்ர சம்பளம், எல்லாம் கவுன்சில். வரியைக் கூட்டாட்டி முதல் மூடுறது இதைத்தான் எண்டு கடிதமே வந்திட்டுது.”

“அப்ப ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?”

கிளறிற்றா உள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளே அருமைநாயகி யாரையோ ஏய்த்துவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

“அன்ரிக்கு இங்க இடம் கேட்டு வந்ததே யோகராஜா அங்கிள்தான். ‘கவுன்சில் உதவி எண்டு தெரிஞ்சால் அந்த ரோசக்காரர் மனுசியை வீட்டோட இருத்திப்போடுவார். சாமியார் கூப்பிட்டதாவே இருக்கட்டும்’ எண்டு எங்கள் எல்லாரிட்டயும் சத்தியம் வாங்கினவர்.”