செம்பட்டைக்கு ஆபரேஷன்

செம்பட்டைப் பூனையின் வயிற்றில் இருப்பது புற்றுநோய்க் கட்டி, ஆபரேஷன் செய்தால் பிழைக்கும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் செம்பட்டை பரண்மேல் ஏறி ஒளிந்துகொண்டது.

பின்னாலேயே சுண்டெலி வந்தது. "பயப்படாம போய்ட்டு வாண்ணே."

"நான் செத்தா உனக்குக் கொண்டாட்டம்தானேடா?"

"நல்லா சொன்னே போ! வீட்டுக்கார அக்கா பார்க்கும்போது மட்டும் என்னை விரட்டுறே, அப்புறம் கருவாட்டுல பங்கு குடுக்கிறே. புதுசா ஒரு பூனை வந்தா நெசமாவே விரட்டுமே!"

செம்பட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கிப்போய்க் கூடைக்குள் உட்கார்ந்தது.

"நான் வர்ற வரைக்கும் அக்கா கண்ணுல பட்டுடாதே. எலித் தொல்லைன்னு வேற பூனையைக் கொண்டாந்துடுவாங்க."

வீடெல்லாம் கருவாடு மணத்தும், செம்பட்டை திரும்பி வரும்வரை சுண்டெலி வளையைவிட்டு மூக்கைக்கூட நீட்டவில்லை.