பச்சைப் பட்டன்

“‘ஏழாம் தேதி, சனிக்கிழமை. இன்றைய தவறு: மேற்கு வாசலை அரை சென்டிமீட்டர் அகலமாக வரைந்துவிட்டேன். அதனால் மூன்று பேர் கூடுதலாகப் பிழைத்துவிட்டார்கள். திருத்தியாயிற்று.’ என்னம்மா ஸ்கேலு, இது டைரியா, எமனோட நோட்டா?”

மாமா சத்தமாகப் படித்து முடிப்பதற்குள் அவள் டைரியைப் பிடுங்கினாள். மாமா என்றால் அக்காவின் கணவர். மூவரும் வேலை செய்யும் பை தைக்கும் கூடத்துக்கு அவர்தான் சூப்பர்வைசர். மூன்று முறை அளந்த பிறகும் நான்காம் முறை சந்தேகப்படுகிறவள் என்பதால் அவளுக்கு ‘ஸ்கேலு’ என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

“அடுத்தவங்க டைரியைப் படிக்கறதை விடுங்க. பந்தயம் ஞாபகம் இருக்கா?”

“இருக்கு, இருக்கு. மூணு ஆட்டம். ஒண்ணுல நான் ஜெயிச்சாலும் நீ இனிமே வாயே திறக்கக் கூடாது. மூணுலயும் தோத்தா, நீ நீட்டற காகிதத்துல கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்து.”

அவள் எதற்காக வாய் திறக்கிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேலை முடிவது ஆறு மணிக்கு. அவளுடைய வரைபட வகுப்பு தொடங்குவதும் ஆறு மணிக்கு. தினமும் பாதிப் பாடம் போன பிறகுதான் உள்ளே நுழைகிறாள். அரை மணி முன்னதாக விடுங்கள் என்று கேட்டால், “ஒருத்திக்கு விட்டா ஊரே கேக்கும்” என்பார்.

சாப்பாட்டு மேஜை முழுக்க விரிந்திருந்தது அட்டையில் வரைந்த விண்கப்பல். ஆறு வரிசையில் இருபத்துநான்கு உறக்கக் கூடுகள். கூட்டுக்கு ஒரு வீரர். உடைந்த ஜிப்பும் பட்டனும் ஒட்டிச் செய்த, விரல்நுனி உயரப் பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் குண்டூசித் துப்பாக்கி.

விதிகள் ஒரே பக்கம். என்ஜின் அறையிலிருந்து செவ்வண்டுகள் வரும். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகும். பகடையில் ஆறு விழுந்தால் ஒரு வண்டு காலி. வண்டு தொட்டால் வீரர் காலி. இருபத்துநான்கு பேரும் வெளியேறினால் மாமாவுக்கு வெற்றி.

“இவ்வளவுதானா? ஒண்ணும் ஆகாது. அனுப்பு உன் பூச்சிங்களை!”

முதல் சுற்றிலேயே என்ஜின் அறையை ஒட்டிய கிழக்கு வாசல் போயிற்று. மேற்கு வாசலில் சரக்குப் பெட்டிகள். சுற்றுக்கு ஒருவர்தான் நுழைய முடியும். ஒன்பது பேர் பிழைத்தார்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டார். பகடையை ஊதி ஊதி உருட்டினார். பதினொரு பேர்.

“இந்தப் பச்சைப் பட்டன்காரி மட்டும் ஏன் ரெண்டு தடவையும் செத்தா?”

“என்ஜின் ரூம் பக்கத்துலயே அவ கூடு. வரிசையில கடைசி.”

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். “அடிப்பாவி, அது என் ஸ்வெட்டர் பட்டன்! நான் வீடெல்லாம் தேடறேன்.”

“நீ சும்மா இரு. முதல்ல இவளை வெளியே கொண்டு வரணும்” என்றார் மாமா. மூன்றாவது ஆட்டத்தில் பச்சைப் பட்டனுக்காகவே நான்கு வீரர்களை நிறுத்திச் சுட்டார். நால்வரும் போனார்கள். வாசலுக்கு இரண்டு விரல் தூரத்தில் அவளும் போனாள்.

மாமா மேஜையைத் தட்டினார். “எந்த மடையன் இந்த வாசல்ல பெட்டியை அடுக்கி வெச்சது?”

“கப்பலோட கேப்டன், மாமா.”

“அவனை ஹெல்மெட் இல்லாம விண்வெளியில தள்ளணும். பெட்டியை எடு. கணக்குல சேர்க்க வேண்டாம், சும்மா பார்ப்போம்.”

அவள் எடுத்தாள். இப்போது சுற்றுக்கு நான்கு பேர். ஆறாவது சுற்றில் கடைசியாகப் பச்சைப் பட்டனும் வெளியே குதித்தாள். மாமா எழுந்து நின்று கைதட்டினார்.

“பார்த்தியா! ஆள் மேல தப்பே இல்ல. எல்லாம் அந்தப் பெட்டிதான்.”

“இதையேதான் மாமா உங்ககிட்ட மூணு தடவை சொன்னேன். ‘ஒண்ணும் ஆகாது’ன்னு சிரிச்சீங்க.”

“எப்போ சொன்னே?”

அவள் மடித்த காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

“சரி, வாக்குன்னா வாக்குதான். நாளையிலேருந்து அஞ்சரைக்கே கிளம்பு.” படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் காகிதத்தைப் பிரித்தார். அதில் வகுப்பும் இல்லை, அஞ்சரையும் இல்லை. ‘தையல் கூடத்தின் மேற்கு வாசலை மறைத்து அடுக்கியுள்ள பெட்டிகளை உடனே அகற்ற உத்தரவிடுகிறேன்’ என்ற ஒரே வரி.

அவள் அட்டையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். இவ்வளவு நேரமும் அவர் தலைகீழாகப் பார்த்த கப்பல் இப்போது நேராக இருந்தது. ஆறு வரிசை. இருபத்துநான்கு மிஷின். என்ஜின் அறை இருந்த இடத்தில், அடிக்கடி தீப்பொறி பறக்கும் மீட்டர் ரூம். அதை ஒட்டி, வரிசையில் கடைசியாக, தினமும் அக்கா உட்காரும் இடத்தில், பச்சைப் பட்டன்.

மாமா வெகுநேரம் அக்காவையே பார்த்தார்.

“என்னங்க, புதுசாப் பார்க்கறீங்க?”

“ஒண்ணுமில்ல.” இவள் பக்கம் திரும்பினார். “அப்போ உன் வகுப்பு?”

“அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வேற கப்பல் வரையறேன் மாமா.”

அவர் டைரியை இழுத்து, அரை சென்டிமீட்டர் தவறுக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார்:

‘நாளை, திங்கள், காலை எட்டு மணி. மிஷின் ஓடும் முன் மேற்கு வாசல் பெட்டிகளைத் தூக்க வேண்டும். தூக்குபவர்: கேப்டன்.’